ஏழிசை மன்னர் தியாகராஜ பாகவதர்

நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் இல்லத்தாரும் திங்கள்தோறும் விரும்பிப் படிக்கும் இவ்விதழில், மறைந்த பெரியோர் வரலாறுகள் இடையிடையே வெளிவருதல் மரபு. இத்திங்கள் யாம் எழுதப் புகுந்தது, மாயவரம் கிருஷ்ணமூர்த்தி தியாகராஜ பாகவதர் வாழ்க்கையை.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. எம் பள்ளியில் மேல்வகுப்பு மாணவர்க்கு நாடகத் தமிழைப் பற்றிப் பாடஞ்சொல்லிவந்த ஒருநாள், பாகவதர் என்பார் யாவர் என வினவினோம். பலர் வாளா இருந்தனர். ஒருவன் மட்டும் எழுந்து, கொலை வழக்கிற் சிறைசென்ற நடிகர் என விடைகூறி அமர்ந்தான். அவன் கூறியது பொய்யன்று. ஆயினும் அதனை மெய்யென்று கொள்ளவும் எம் மனம் ஒருப்படவில்லை. ஏறத்தாழ ஐம்பதாண்டு வாழ்ந்த ஒருவருடைய வாழ்வில், இரண்டரை ஆண்டுத் துன்பம் எஞ்சிய அனைத்தையும் விழுங்கிவிட்டது. அவ்வழக்கினின்று அவர் குற்றமற்றவராக விடுதலை பெற்றார் என்ற செய்திகூட அச்சிறுவன் செவிக்கு எட்டவில்லை. அவன்மேற் குறையில்லை, வீட்டிற் பெரியவர் சொன்னதை அவன் சொன்னான். ஆதலின் பெரியவர்கட்கே இக்கட்டுரை.

பாகவதர் 1910-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மாயவரத்திற் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணமூர்த்தி ஆசாரியார், பொற்பணி செய்பவர். அன்னையார் மாணிக்கத்தம்மாள். அவர் நம் விசுவகர்மக் குடியினர் என்பதுபற்றி நம்மவர் பெருமிதங்கொள்ளுதல் இயல்பே, யாமும் கொள்கின்றோம். எனினும் தமிழுலகம் அவரைத் தலைமேற் கொண்டது குடிப்பிறப்பு நோக்கியன்று என்பதை நாம் மறத்தலாகாது. அவருடைய இளமையிலேயே குடும்பம் திருச்சிராப்பள்ளிக்குக் குடிபெயர்ந்தது. குமுட்டியும் ஊதுகுழலும் குறடுமாகத் தந்தையார் தொழில் நடந்துகொண்டிருக்க, மைந்தருக்கோ பள்ளிப்பாடத்திலும் மனஞ்செல்லவில்லை, பட்டறையிலும் மனஞ்செல்லவில்லை. தெருவில் எங்கேனும் பாட்டொலி கேட்பின் அங்கே போய் நின்றுவிடுவார். ஒருகால் வீட்டாரிடம் சொல்லாமல் ஊரைவிட்டே ஓடிவிட்டார் என்றும், தேடிச்சென்ற தந்தையார் கடப்பையில் மக்கள் சூழப் பாடிக்கொண்டிருந்த மகனைக் கண்டு அழைத்துவந்தார் என்றும் கூறுவர். அடிக்கவேண்டிய இடத்தில் அவர் அடிக்கவில்லை. மகனுடைய வழி இதுவென்று கண்டுகொண்டார். நம் இல்லங்களிற் பிள்ளை வளர்ப்போர் இதனைச் சற்றே நின்று எண்ணுவாராக.

அக்காலத்துத் திருச்சிராப்பள்ளியில் எப்.ஜி.நடேச ஐயர் என்னும் இரயில்வே அதிகாரி இருந்தார். நாடகத்தில் தணியாத வேட்கையுடையவர். ரசிக ரஞ்சன சபையை நடத்தியவர். அவருடைய அரிச்சந்திர நாடகத்திற்கு லோகிதாசனாக நடிக்க ஒரு சிறுவன் வேண்டியிருந்தது. தியாகராஜன் அமர்த்தப்பெற்றான். பத்து வயதளவிற்றாய சிறுவனொருவன் பாம்பு தீண்டி மாளும் அரசிளங்குமரனாய்ப் பாடி நடித்ததைக் கண்டு அவையோர் வியந்தனர்.

இவ்வெற்றியோடு நின்றிருப்பின் அவரும் குரல் உடைந்தவுடன் மறக்கப்பெற்ற பல சிறுவருள் ஒருவராய் ஒழிந்திருப்பார். அவரைக் காத்தது பயிற்சி. மதுரைப் பொன்னு ஐயங்கார் என்னும் பிடில் வித்துவானிடம் முறையாகச் சங்கீதம் பயின்றார். நடராஜ வாத்தியார் நாடகக்கலையைப் பயிற்றினார். ஆண்டுகள் பல இவ்வாறு கழிந்தன. பாகவதரை இறைவன் அளித்த குரலால் உயர்ந்தவர் என்பாருளர். குரல் இறைவன் அளித்ததே. ஆயின் அக்குரலைச் சுருதியில் நிறுத்தி, எழுத்துச் சிதையாமற் பாட வைத்தது விடியற்கால உழைப்பேயாம். வாத்தியார் தொழிலில் உள்ள எமக்கு இதனைச் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை.

அக்காலத்து நாடகமேடை எத்தகையது என்பதை இளைஞர் அறியார். கீற்றுக் கொட்டகை, இரவு பத்துமணியளவில் தொடங்கி விடியும்வரை நடக்கும் நாடகம், ஒலிபெருக்கி என்பதே கிடையாது. முன்னிருக்கையிற் பிரபுக்களும், கடைசியில் மணலில் அமர்ந்த ஏழைகளும் ஒருங்கே கேட்கவேண்டும். ஆதலின் ராஜபார்ட் நடிகர் நான்கு கட்டை, ஐந்து கட்டைச் சுருதியில் ஆர்மோனியத்திற்கு மேலெழுந்து பாடுதல் இன்றியமையாதது. பாட்டு நன்றாயின் கொட்டகை முழுதும் ஒன்ஸ்மோர் என ஆர்ப்பரிக்கும். இறந்துகிடக்கும் பாத்திரமும் எழுந்து மறுபடி பாடிவிட்டுப் படுக்கவேண்டும். இதனை நகையாடுவார் நகையாடுக. அந்நெருப்பிற் புடமிடப்பட்ட குரல்கள் வேறு எங்ஙனமும் உண்டாகா. பாகவதர்க்கு முன் அம்மேடையை ஆண்டவர் எஸ்.ஜி.கிட்டப்பா. அவர் 1933-ஆம் ஆண்டு டிசம்பரில், 27 வயதிலேயே காலமானார். தமிழ் மேடை அன்று பெரியதோர் வெறுமையை எய்தியது.

அதற்குள் தியாகராஜர் பாகவதர் என்னும் பட்டப்பெயரோடு கச்சேரிகளிலும் நாடகங்களிலும் புகழடைந்திருந்தார். பவளக்கொடி நாடகத்தில் அவர் அருச்சுனனாகவும் எஸ்.டி.சுப்புலட்சுமி பவளக்கொடியாகவும் நடித்துவந்தனர். தமிழிற் பேசும்படம் தோன்றி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த 1934-இல், கே.சுப்பிரமணியம் அந்நாடகத்தையே படமாக இயக்கினார். மேடையில் நடித்த இருவரே திரையிலும் நடித்தனர். பாடல்கள் ஐம்பதுக்குக் குறையா. பின்னணிப் பாடகர் என்பார் அன்றில்லை. நடிப்பவரே கருவியின் முன் நின்று பாடவேண்டும். சூரிய ஒளியிற் படம்பிடித்த காலமாதலின், உணவுநேரத்திற் காக்கைகள் கூடிக் கரைந்து ஒலிப்பதிவைக் கெடுத்தனவென்று திரைப்பட வரலாற்றாசிரியர் எழுதுவர். இத்தனை இடையூறுகளினிடையே பதிவான அக்குரல் தமிழ்நாடெங்கும் பரவிற்று.

பின்னர் வந்தவற்றை ஒவ்வொன்றாக விரிப்பின் இவ்விதழ் போதாது. நவீன சாரங்கதரா, சத்தியசீலன் என்பன 1936-இலும், சிந்தாமணி, அம்பிகாபதி என்பன 1937-இலும் வெளிவந்தன. சிந்தாமணி ஓராண்டுக்கு மேல் ஓடிற்று. அதனால் வந்த ஊதியத்தைக் கொண்டே மதுரையில் அப்பெயராற் கொட்டகையொன்று கட்டப்பட்டது என்பர். 1939-இல் திருநீலகண்டர்; 1941-இல் அசோக்குமார்; 1943-இற் சிவகவி. பாபநாசம் சிவன் பாட்டெழுதுவார். பின்னைய படங்கள் பலவற்றில் ஜி.ராமநாதன் இசையமைத்தார். கொட்டகை வாயிலில் விற்கும் பாட்டுப்புத்தகத்தை வாங்கிச்சென்று, கிராமபோன் தட்டு உள்ள வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பாடம்பண்ணிய தலைமுறையொன்று இருந்தது. கழுத்தளவு வளர்த்த சிகை பாகவதர் கிராப்பு என வழங்கலாயிற்று. ஊரில் இளைஞர் பாதிப்பேர் அதனை வைத்துக்கொண்டனர். பட்டு ஜிப்பாவும் வைரக்கடுக்கனும் நெற்றியிற் சவ்வாதுப் பொட்டுமாக அவர் வந்திறங்கும் ஊர்களில் இரயில் நிலையமே திருவிழாக்கோலம் பூணும்.

அவருடைய நடிப்பைப் பற்றி உள்ளதை உள்ளவாறு கூறுவாம். முகத்தில் மெய்ப்பாடு தோன்ற நடித்தல் அவர்க்குச் சிறப்பாகக் கைவந்ததன்று. காதலாயினும் அவலமாயினும் ஒரேவகை இனிய முகத்தோடே நிற்பார். மெய்ப்பாடு முழுதும் குரலிலே இருந்தது. எடுத்த எடுப்பிலே மேற்ஸ்தாயியை எட்டும் அக்குரல், அங்கே நின்று தளராது சுழன்று, ஒரு சொல்லும் விழுங்கப்படாமற் கீழிறங்கும். தமிழ்ப் புலமை பயின்ற எம் செவிக்கு மிக இனிப்பது அவருடைய உச்சரிப்பே. லகர ழகர ளகர வேறுபாடும், றகரத்தின் வன்மையும் அப்பாடல்களில் தெளிவாகக் கேட்கும். இன்றும் எம் மாணவர்க்கு எழுத்தொலி பயிற்றுங்கால் அவருடைய பதிவுகளை இசைத்துக் காட்டுகின்றோம். தமிழறியாதார் தமிழிசை பாடும் காலத்தில் இதனைப் பெரும்பேறென்றே கருதல்வேண்டும்.

நிற்க. அம்பிகாபதியைப் பற்றி ஒன்று கூறவேண்டும். கம்பர் மைந்தன் சோழன் மகளைக் காதலித்து உயிரிழந்தான் என்னும் கதைக்கு வரலாற்றுச் சான்றில்லை, கன்னபரம்பரையாக வந்தது. அதனை இயக்கியவர் எல்லிஸ் ஆர்.டங்கன் என்னும் அமெரிக்கர், தமிழறியாதவர். உரையாடல் எழுதியவர் இளங்கோவன். அதுவரை திரையிற் பேச்சென்பது பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே கிடந்த சிறுபாலமேயாக இருந்தது. இளங்கோவன் அதனை இலக்கியச் சுவையோடு எழுதினார். மக்கள் பேச்சையும் காதுகொடுத்துக் கேட்கத் தொடங்கினர். பாட்டின் ஆட்சியைப் பிற்காலத்தில் வீழ்த்திய பேச்சுக்கலைக்கு வித்து, பாகவதர் நடித்த படத்திலேயே ஊன்றப்பட்டது. அன்று அதனை அவரும் அறியார், பிறரும் அறியார்.

ஹரிதாஸ் என்னும் படம் 1944-ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்தது. இயக்கியவர் சுந்தர்ராவ் நட்கர்ணி. உடன் நடித்தோர் டி.ஆர்.ராஜகுமாரி, என்.சி.வசந்தகோகிலம், என்.எஸ்.கிருஷ்ணன், டி.ஏ.மதுரம் முதலியோர். போர்க்காலமாதலின் பிலிம் கிடைத்தல் அரிது. எந்தப் படமும் 11,000 அடிக்கு மேற்படலாகாதென அரசாங்கம் வரையறுத்திருந்தது. அக்கட்டுக்குள் பெற்றோரைப் புறக்கணித்துச் சிற்றின்பத்தில் திரிந்தவன் கால்களை இழந்து, தெருண்டு, தாய்தந்தையர் அடியில் வீழ்ந்து தொண்டுசெய்யும் கதை அமைந்தது. இதற்குமுன் வந்த எட்டுப் படங்களின் புகழையும் இஃது ஒன்றே மேற்கொண்டது.

வெளியாகி ஒரு திங்களும் நிரம்பவில்லை. நடிகருடைய அந்தரங்க வாழ்வைப் பற்றி இழிவாக எழுதிவந்த லட்சுமிகாந்தன் என்னும் பத்திரிகையாசிரியர், 1944 நவம்பர் 8-ஆம் நாள் சென்னை வேப்பேரியில் ரிக்ஷாவிற் செல்லுங்கால் கத்தியாற் குத்தப்பட்டு மறுநாள் மாண்டார். முன்னர் அவர் நடத்திய சினிமா தூது என்னும் இதழின் அனுமதியை நீக்குமாறு பாகவதரும் கிருஷ்ணனும் ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னரிடம் விண்ணப்பித்திருந்தனர்; அனுமதி நீக்கப்பட்டபின் அவர் இந்துநேசன் என்னும் இதழைக் கைக்கொண்டு எழுதிவந்தார். பகைமை உண்டு என்பது ஊரறிந்தது. டிசம்பரிற் பாகவதரும் கிருஷ்ணனும் கைதாயினர். நாயுடுவும் வழக்கிற் சேர்க்கப்பட்டார். அப்ரூவராக மாறியவன் சாட்சியத்தைப் பெரிதும் பற்றிநின்ற அவ்வழக்கில், 1945 மே திங்களிற் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஜூரிகள் தீர்ப்பின்படி நாயுடு விடுவிக்கப்பட்டார். பாகவதர்க்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. பின்பு இலண்டன் பிரிவி கவுன்சில் வழக்கை மறுவிசாரணைக்குத் திருப்பியனுப்பியது. எதிராஜ் வாதிட்டார். 1947 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் இருவரையும் குற்றவாளிகளல்லர் எனத் தீர்த்து விடுதலை செய்தது. லட்சுமிகாந்தனைக் கொல்வித்தார் யாவர் என்பது இன்றளவும் துணியப்படவில்லை.

சாரங்கதரனாகவும் குணாளனாகவும் பொய்ப்பழி சுமந்து தண்டனையுறும் வேடங்களை ஏற்று நடித்தமையால்தான் அவர்க்கு வாழ்விலும் அவ்வாறு நேர்ந்ததென்று சிலர் இன்றும் சொல்லக் கேட்கின்றோம். அற்றன்று. லோகிதாசனாக நடித்தவரைப் பாம்பு தீண்டிற்றில்லையே. இத்தகைய பேச்சுக்கள் துன்புற்றவர்மேல் மேலும் ஒரு சுமையை ஏற்றுவனவேயன்றிப் பிறிதில்லை.

இனி, எம் உள்ளத்தை விட்டு நீங்காத செய்தியைக் கூறுவாம். சென்னைப் பிராட்வே கொட்டகையில் ஹரிதாஸ் மூன்று தீபாவளிகளைக் கண்டது. 1944-இன் தீபாவளிக்குப் பாகவதர் தம் இல்லத்தில் இருந்தார். 1945-இன் தீபாவளிக்கும் 1946-இன் தீபாவளிக்கும் அவர் சிறையில் இருந்தார்; படமோ நடந்துகொண்டே இருந்தது. எம் பாட்டனார் அந்நாளில் நகைத்தொழில் பழகச் சென்னைக்குச் சென்றிருந்தவர். ஒரு ஞாயிறன்று மாலைக் காட்சிக்கு டிக்கட் வாங்கிப் பிராட்வேயில் அமர்ந்திருந்தாராம். கால் இழந்த ஹரிதாஸ் பெற்றோரை நினைந்து பாடும் இடத்தில், எப்போதும் கைதட்டி ஆர்ப்பரிக்கும் தரை டிக்கட்காரர்கள் அன்று ஓசையற்று இருந்தனராம். பாட்டு முடிந்ததும் எவரோ ஒருவர் விம்மியது கொட்டகை முழுதும் கேட்டதாம். பாட்டனார் இதனைச் சொல்லுந்தோறும் அவ்விடத்தில் நிறுத்திவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் தேடுவார். பாடியவர் கம்பிகளுக்குள் இருக்க, அவர் பாட்டுக்குப் பணங்கொடுத்து மக்கள் நாள்தோறும் வரிசையில் நின்ற காலம் அது.

அம்மக்கள்தாமே அவர் வெளிவந்த பின்னர் எங்குச் சென்றனர் என்பது கேள்வி. 1948-இல் ராஜமுக்தி வந்தது. புனே நகரில் எடுக்கப்பட்ட அப்படத்திற்கு உரையாடல் எழுதச்சென்ற புதுமைப்பித்தன் நோயோடு திரும்பி அவ்வாண்டே மறைந்தார். படம் வெல்லவில்லை. 1952-இல் அமரகவி, சியாமளா. 1957-இல் அவரே இயக்கிய புதுவாழ்வு. ஒன்றும் பழைய நிலையை மீட்டுத் தரவில்லை.

சிறை அவரை அழித்ததென்பர். யாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆயின் அவரோடு ஒரே நாளில் விடுதலையான கிருஷ்ணன் மீண்டும் மக்களை நகைக்கவைத்துப் பல்லாண்டு சிறப்புற்றாரன்றோ? இருவர்மேலும் இருந்த பழி ஒன்றே, சிறையும் ஒன்றே. வேறுபாடு பிறிதோரிடத்தில் உளது. கிருஷ்ணனுடைய கருவி பேச்சு. பாகவதருடைய கருவி பாட்டு. இவர்கள் உள்ளிருந்த காலத்திற்குள் பின்னணிப் பாடல்முறை வேரூன்றிவிட்டது. பாடத் தெரியாதாரும் கதாநாயகராகலாம் என்றாயிற்று. 1949-இல் அண்ணாதுரையின் வேலைக்காரியும், 1952-ஆம் ஆண்டுத் தீபாவளிக்குக் கருணாநிதி உரையாடலெழுதிய பராசக்தியும் வெளிவந்தன. அதே 1952-இல்தான் அமரகவியும் வந்ததென்பதை நினைவிற் கொள்க. ஒரு கொட்டகையில் அனல்பறக்கும் வசனம்; மற்றொன்றில் ஆலாபனை. கூட்டம் எங்கே சென்றிருக்கும் எனச் சொல்லவேண்டுவதில்லை. அசோக்குமாரிற் சிறியதோர் வேடத்தில் வந்த எம்.ஜி.இராமச்சந்திரன் இப்போது நாயகராய் உயர்ந்துகொண்டிருந்தார். பாகவதர்க்குப் பேச்சு வாராது என்பதன்று. அவருடைய இரசிகர்கள் வயதேறி வீட்டில் அமர்ந்துவிட்டனர். அந்த இரண்டரை ஆண்டில் வெளியே இருந்திருப்பின் மெல்ல மெல்லத் தம்மை மாற்றிக்கொண்டிருக்கக் கூடும். சிறை அவரிடமிருந்து கவர்ந்தது அவ்வாய்ப்பையே எனக் கருதுகின்றோம். கைதாகுமுன் அவர்க்காகத் திட்டமிடப்பெற்ற உதயணன் கதையிலும் ஜி.என்.பாலசுப்பிரமணியம் நடிக்க, 1946-இல் அது வெளிவந்துவிட்டது.

அவர் எவரையும் நொந்துகொண்டு திரிந்தாரல்லர். கச்சேரிகள் செய்தார், கோயில்களிற் பாடினார். திரையிற் கூட்டம் குறைந்தபோதும் ஊர்த்திருவிழாக்களில் அவர் பாட்டுக்குக் கூட்டம் இருந்தது. நீரிழிவுநோய் உடலை அரித்தது, கண்ணொளியும் குன்றிற்று. அவர் வறுமையில் வாடியதாகவும், அடையாளந் தெரியாது எவரோ காசிட்டதாகவும் கதைகள் பல வழங்குகின்றன. கேட்போர் கண்ணீர்விடுதற்கென்றே புனையப்பட்டன போலும் இவற்றை யாம் ஈண்டு எழுதோம்.

இறுதியாகச் சிவகாமி என்னும் படத்தில் நடித்தார். அது முற்றுப்பெற்று வெளிவருமுன்னரே, 1959-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், தீபாவளித் திங்களாகிய ஐப்பசியில், சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் 49-ஆம் அகவையில் உயிர்நீத்தார். உடல் அவர் வளர்ந்த திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுவரப்பட்டுச் சங்கிலியாண்டபுரத்தில் அடக்கம் செய்யப்பெற்றது. மறுவருடம் சிவகாமி கொட்டகைகளில் வெளிவந்தது. எம் பாட்டனார் அதனைப் பார்க்கப் போகவில்லை. பிராட்வேயிற் கேட்டதே போதுமென்று இருந்துவிட்டார்.